குறத்தி பிடித்த கை
பெத்லகேம் குறவஞ்சியும் நம் இளையோரும்

திருநெல்வேலி டவுண் ரத வீதிகளில் ஆனித் தேர் வலம் வரும் நாளில், அப்பகுதியில் குடியிருக்கும் கிறிஸ்தவ இல்லங்களின் பிள்ளைகளும் வாயிற்படியில் நின்று நோக்குவதுண்டு. வடம் பிடிப்போரில் பலர் அவர்களுடைய பள்ளித் தோழர்கள். ஒலிக்கும் நாகசுரமோ பிறந்த நாள்முதல் அவர்கள் செவிக்குப் பழகிய இசை. ஆயினும் படியை விட்டு இறங்கலாமா, கூடாதா என்பதை வீட்டின் பெரியோர்கூடத் தெளிவாய்ச் சொல்வதில்லை. ஞாயிறு காலை ஆலயத்திற்குச் சென்றால், அங்கே ஜெர்மானிய இராகத்திலும் ஆங்கில இராகத்திலும் பாமாலைகள் ஒலிக்கின்றன. அவையும் தமக்கு முழுவதும் உரியனவா என்னும் ஐயம் அவர்கள் உள்ளத்தில் எழுகிறது. "நாங்கள் யார்? எங்கள் இடம் எது?" என்று வாலிபர் கூட்டங்களில் இன்று கேட்கப்படும் வினா இவ்வாறு எழுந்ததே.

இவ்வினாவுக்கு நாம் வழக்கமாய் அளிக்கும் விடை பிரசங்கம். நமக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இதே தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒருவர் இதனை நாடகமாக்கிச் சென்றிருக்கிறார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியைத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் ஒரு வரியில் குறிப்பிட்டுக் கடந்து செல்லும். நம் சபைகளில் அவருடைய கீர்த்தனைகளைப் பாடுவோர் பல்லாயிரவர். குறவஞ்சியைப் படித்தோர் மிகச் சிலர். அந்நாடகம் இளையோரின் வினாவுக்கு எவ்வளவு தூரம் விடையளிக்கிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

இரண்டு சிறுவர்கள்

வேதநாயகம் 1774ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை சைவ வேளாளர் மரபினர். கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் என்று பெயர் பெற்று, பின்னர் புராட்டஸ்தாந்து சபையில் சேர்ந்தவர். ஆகவே ஒரே தலைமுறைக்குள் மூன்று வழிபாட்டு முறைகளைக் கண்ட வீட்டில் இச்சிறுவர் வளர்ந்தார். தமிழறிவும் கவிபாடும் ஆற்றலும் அவ்வீட்டின் பரம்பரைச் சொத்து.

அக்காலத்துப் பாளையங்கோட்டைச் சபை மிகச் சிறியது. 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா அம்மையாரைச் சுற்றி அது உருவாயிற்று; 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் நாற்பது. அந்நாற்பதின்மரும் ஒரே சாதியினர் அல்லர். பிராமண விதவையான அம்மையார் தொடங்கிப் பல நிலையினரும் அச்சபையில் இருந்தனர். 1785இல் அம்மையார் கட்டுவித்த ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ய வந்த சுவார்ட்ஸ் ஐயர், பதினொரு வயதினரான வேதநாயகத்தைக் கண்டு, அவரைத் தம்முடன் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். டவுணையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல்தான் கட்டப்பெற்றது. அதற்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, வேற்று நாட்டுக் குருவானவர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு அச்சிறுவர் தம் ஆற்றங்கரையை விட்டுப் பிரிந்தார்.

தஞ்சையில் அவருக்குக் கிடைத்த தோழர் ஒருவரும் இவரைப் போலவே இடம் பெயர்ந்தவர். 1777இல் பிறந்த சரபோஜியைத் துளஜா மன்னர் 1787இல் தத்தெடுத்து, சுவார்ட்ஸ் ஐயரைப் பாதுகாவலராக்கி மறைந்தார். அரியணையோ அமர்சிங்கின் வசமாயிற்று. சரபோஜி முடிசூடியது 1798இல். ஆக, பிறந்த வீட்டையும் இழந்து புகுந்த அரண்மனையையும் பெறாத ஓர் அரசிளங்குமரனும், சொந்த ஊரை விட்டு வந்த ஒரு கவிராயர் மகனும் ஒரே ஜெர்மானியக் குருவின் நிழலில் பதின்பருவத்தைக் கழித்தனர். தாம் யார் என்னும் வினா இவ்விருவருக்கும் ஏட்டுக் கல்வியாக இருந்திருக்க இயலாது.

வேதநாயகம் தரங்கம்பாடியிலும் பயின்றார். வேதாகமக் கல்வியுடன், டாக்டர் ஜாண் முதலிய மிஷனெரிமாரிடம் பூகோளமும் வானசாஸ்திரமும் அங்கே அவர் கற்றார். இவை பின்னர் எங்கே வந்து சேர்ந்தன என்பதைக் குறவஞ்சியில் காண்போம்.

குறவஞ்சியின் அமைப்பு

குறவஞ்சி என்றவுடன் நம் பகுதியினருக்கு நினைவில் எழுவது குற்றாலம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது. கற்றோரும் கல்லாதாரும் ஒன்றாய் அமர்ந்து சுவைத்த நாடக வகை இது.

இதன் கதை எளியது. இறைவன் வீதியுலா வருகிறான். பந்தாடிக்கொண்டிருந்த இளமங்கை ஒருத்தி அவனைக் கண்டு காதல் கொள்கிறாள். ஊணும் உறக்கமும் இழக்கிறாள். நிலவும் அவளைச் சுடுகிறது. அவள் நோய் இன்னதென்று தோழிக்கு விளங்கவில்லை. அப்போது கூடையும் கோலுமாய் மலைக்குறத்தி வருகிறாள். அவளிடம், "உன் மலை எது, உன் நாடு எது?" என்று தலைவி வினவ, அவள் தன் மலையின் வளத்தையும் ஆற்றின் பெருமையையும் கூச்சமின்றிப் பாடுகிறாள். பின் தலைவியின் கையைப் பிடித்துக் குறி சொல்கிறாள்: "நீ தேடும் தலைவன் இவன், அவன் உன்னை வந்தடைவான்." பரிசுகள் பெறுகிறாள். பின்பகுதியில் அவள் கணவன் சிங்கன், நூவன் என்னும் துணைவனுடன் பறவை பிடித்துக்கொண்டே மனைவியைத் தேடி வந்து சேர்கிறான்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. தலைவியோ மாளிகையில் வாழ்பவள். மங்கை, மடந்தைப் பருவத்தினள். இன்றைய வழக்கில் பதின்பருவத்துப் பெண். அவளுக்கு எல்லாம் இருக்கிறது. தன் மனம் எதை நாடுகிறது என்னும் அறிவு மட்டும் இல்லை. குறத்திக்கோ மாளிகை இல்லை. நிலையான வீடும் இல்லை. ஆனால் "உன் ஊர் எது?" என்ற கேள்விக்கு நாடகம் முழுவதிலும் தயக்கமின்றி விடை சொல்லக்கூடியவள் அவளே. தான் யார் என்பதை அறிந்த வெளியாள், தான் யார் என்பதை அறியாத உள்ளாளுக்கு அவளை அறிவிக்கிறாள். குறவஞ்சியின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து.

சீயோன் மகள்

1800ஆம் ஆண்டை ஒட்டி, ஏறத்தாழ இருபத்தைந்து வயதில், சாஸ்திரியார் இவ்வடிவத்தைக் கைக்கொண்டார். இவருடைய நாடகத்தில் உலா வருபவர் பெத்லகேம் நாதராகிய இயேசு கிறிஸ்து. தேவமோகினி என்னும் தலைவி சீயோன் குமாரத்தி, அதாவது திருச்சபை. குறி சொல்ல வரும் ஞானச்சிங்கி விசுவாசத்தின் உருவம். ஞானச்சிங்கன் குருவானவர், நூவன் உபதேசியார், வலையில் அகப்படும் பறவைகள் ஆத்துமாக்கள். உபதேசியார் வேலையைப் பறவை பிடிப்போன் வேலையாகக் காட்டியதில், தாமும் உபதேச ஊழியத்தில் இருந்த சாஸ்திரியாரின் நகைச்சுவை தெரிகிறது. கவனமாய் வலை கட்டியும் பறவை பறந்து போகும் துயரத்தை அறியாத உபதேசியார் உண்டோ?

இவ்வுருவகம் திணிக்கப்பட்டது என்போர் உன்னதப்பாட்டை மறந்தவர்கள். மணவாளனைத் தேடி நகர வீதிகளில் அலையும் பெண்ணை வேதாகமமே நமக்குக் காட்டியிருக்கிறது. தமிழ்ப் பக்தி மரபில் நாயகன் நாயகி பாவம் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் சாஸ்திரியார் நின்றார்.

குறத்தியின் மலைவளப் பகுதி இங்கு நோக்கற்பாலது. ஞானச்சிங்கி வேதாகம மலைகளைத் தன் மலைகளாகக் கொண்டாடுகிறாள். தரங்கம்பாடியில் கற்ற பூகோளமும், சூரியனை நடுவாகக் கொண்ட புதிய வானசாஸ்திரமும் இந்நாடகத்தில் இடம் பெறுகின்றன. மேற்கின் அறிவை மேற்கின் உடையில் கொண்டு வராமல், தெருக்கூத்தின் பாட்டாகப் பாடவைத்த துணிவு வியக்கத்தக்கது. இவ்வழியை நம் மக்கள் வேறொரு வகையில் தாமும் கையாண்டனர் எனலாம். குறவஞ்சி பிறந்த அதே காலத்தில், 1799ஆம் ஆண்டில், துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்களுக்குப் புகலிடமாக முதலூர் நிறுவப்பட்டது. பின்னர் நாசரேத்தும் சுவிசேஷபுரமும் தேரிக்காட்டு வெயிலில் எழுந்தன. இன்றும் நாசரேத்துக்குப் பேருந்து ஏறும் ஒருவர் கலிலேயாவை எண்ணுவதில்லை. உடன்குடிக் கருப்பட்டியை எண்ணுகிறார். அந்நியப் பெயர் மண்ணின் பெயராவது இவ்வாறே.

ஆகவே நம் இளையோர் வினாவின் முதற்பாதிக்குச் சாஸ்திரியார் தெளிவாக விடையளிக்கிறார். தமிழரா, கிறிஸ்தவரா என்று ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை; உலாவும் குறியும் கும்மியும் நம்முடையனவே. ஆயினும் அவருக்கு எல்லையும் தெரிந்திருந்தது. தம் இளமைத் தோழரான மன்னர் சரபோஜி, கிறிஸ்துவைப் பாடியதுபோல் பெருவுடையாரையும் பாடுமாறு கேட்டபோது அவர் மறுத்தார் என்பது திருச்சபையில் வழங்கிவரும் வரலாறு. சரபோஜியின் பெயரால் தஞ்சைப் பெரிய கோயிலில் நடிக்கப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடியவர் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர். ஒரே அரசரின் நிழலில், ஒரே நாடக வகையில், இரு நம்பிக்கைகளின் நூல்கள்! மறுத்த பின்னரும் மன்னர் தோழரைக் கைவிடவில்லை.

ஒரே பாயில் அமர்தல்

வினாவின் மறுபாதி கடினமானது. இதனை மறைத்து எழுதுவது சாஸ்திரியாருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

சுவார்ட்ஸ் ஐயர் 1798இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த புதிய மிஷனெரிமாருடன் சாஸ்திரியார் கடுமையாக மோதினார். அவர் குற்றஞ்சாட்டியவை நான்கு. பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. சாதி வேறுபாடின்றி ஒன்றாய் அமர்ந்து திருவிருந்தில் பங்குபெறக் கட்டாயப்படுத்தியது இரண்டு. கல்யாணத்திலும் அடக்க ஆராதனையிலும் பூக்களை விலக்கியது மூன்று. தமிழ் இசையை ஆலயத்திலிருந்து அகற்றியது நான்கு. இவற்றை விளக்கி 1829ஆம் ஆண்டளவில் அவர் நூல்கள் எழுதினார். மிஷன் ஊழியத்தையும் இழந்தார்.

நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு. பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு ஒரு தலைமுறையின் ஜெபமொழியாகிவிட்டது. ரேனியஸ் ஐயரின் திருத்தம் இலக்கணச் செம்மை உடையதாயினும், ஜெபமொழியை இழப்பவனுக்கு நேரும் நோவு உண்மையானது. வேல்ஸ் நாட்டாரை இங்கு நினைக்கலாம். 1588இல் அவர்கள் மொழியில் வெளிவந்த வேதாகமம், ஆங்கிலத்தின் பெருக்கில் அம்மொழி கரைந்துபோகாமல் காத்த பேரரண்களுள் ஒன்று. அங்கும் இளையோர் தம்மை அடையாளங்காண மொழியையே முதலில் பற்றினர். இசையிலும் பூவிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது. மிஷனெரிமாரில் பலர், தம் ஊர் வழக்கத்தையும் சுவிசேஷத்தையும் பிரித்தறியத் தவறினர்.

ஆனால் இரண்டாவது குற்றச்சாட்டு மற்ற மூன்றோடும் ஒட்டவில்லை. சாதி ஓர் உலக வழக்கு, அது ஆத்தும இரட்சிப்பைத் தடை செய்யாது என்பது அவர் நிலை. தஞ்சைச் சபையில் வேளாளரும் தாழ்த்தப்பட்டோரும் தனித்தனியே அமர்வது சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலேயே நிலவிய ஏற்பாடு. அதைக் கலைப்பது தம் மக்களை அவமதிப்பதாகும் என்று அவர் வாதிட்டார். பூவையும் பாயையும் ஒரே பண்பாடு என்று கட்டிவைத்தது அவருடைய பிழை. பூ ஒருவரையும் வெளியே நிறுத்துவதில்லை, தனிப்பாய் நிறுத்துகிறது. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833இல் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். சாதியைக் கைவிடுவதைவிடச் சபையைக் கைவிடுவது அவர்களுக்கு எளிதாயிற்று.

இங்கேதான் நாடகம் தன் ஆசிரியரையே குற்றஞ்சாட்டுகிறது. குறி சொல்ல வேண்டுமாயின் குறத்தி தலைவியின் கையைப் பிடித்தாக வேண்டும். எட்ட நின்று கைரேகை பார்க்க இயலாது. சீயோன் குமாரத்தியின் கையைக் கூடை சுமக்கும் மலைக்குறத்தி பற்றி, "நீ இன்னாருக்குரியவள்" என்று அறிவிக்கும் காட்சியை எழுதிய அதே எழுதுகோல், தஞ்சை ஆலயத்தில் இருவரும் ஒரே பாயில் அமர்வதை எதிர்த்தும் எழுதிற்று. விசுவாசத்துக்குக் குறத்தியின் வடிவம் கொடுத்த கவிஞர், அவ்வடிவத்துக்குரிய மானிடப் பெண் ஆலயத்துக்குள் வந்தால் எங்கே உட்கார்வாள் என்று கேட்கவில்லை. நாற்பது பெயர்கள் கொண்ட அப்பாளையங்கோட்டைப் பதிவேடு அவர் சிறுவயதுச் சபையினுடையதாயிற்றே என்று எண்ணும்போது நமக்கு வருத்தம் மிகுகிறது.

வரலாற்றின் விளையாட்டு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். சாதியை விட்டொழிக்க வேண்டுமென்று 1847இல் தன் ஊழியர்களுக்குக் கண்டிப்பான நிபந்தனை விதித்தது அமெரிக்க மதுரை மிஷன். அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், முதியவரான சாஸ்திரியாரைத் தேடிச் சென்று, அவர் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் அச்சிட்டார். ஆலயத்திலிருந்து துரத்தப்பட்ட இசை அவ்வழியாகவே நம் ஞாயிறு ஆராதனைக்குத் திரும்பி வந்தது. பாட்டை எடுத்துக்கொண்டு பாயை விட்டுவிட இயலும் என்பதற்கு வெப் ஐயரின் புத்தகமே சான்று. சாஸ்திரியார் 1864 வரை வாழ்ந்திருந்தார்.

யார் குறத்தியாவது?

பெத்லகேமின் கதையே இடமற்றோரின் கதை. மோவாபியப் பெண்ணாகிய ரூத் அந்நியளாய் வந்து கதிர் பொறுக்கியது அவ்வூர் வயலில்தான். மத்தேயு தரும் வம்ச அட்டவணையில் அவள் பெயர் இடம் பெற்றிருக்கிறது. லூக்காவின்படி யோசேப்பு குடிமதிப்பு எழுதப்படத் தன் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்கே செல்கிறார். அங்கே சத்திரத்தில் இடமில்லை. சொந்த ஊரிலேயே இடமற்றுப் போனவர்களுக்குப் பிறந்தவரைத்தான் தேவமோகினி தேடுகிறாள். ஆகவே பெத்லகேம் நாதருக்குரியவள் என்று குறி பெற்றவள், பிறருக்கு இடமில்லை என்று சொல்லும் உரிமையை அக்கணமே இழந்துவிடுகிறாள். சாஸ்திரியார் தம் உருவகத்தை இறுதிவரை பின்தொடர்ந்திருந்தால் இம்முடிவுக்கே வந்திருப்பார்.

நம் வாலிபர் சங்கங்கள் கிறிஸ்மஸ் காலத்தில் மேய்ப்பருக்கும் சாஸ்திரிகளுக்கும் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி நாடகம் நடத்துகின்றன. அவற்றுக்கு மாற்றாக இக்குறவஞ்சியைச் சுருக்கி மேடையேற்ற விரும்புவோர் உளராயின், நாம் சில சொல்ல விரும்புகிறோம். உலாப் பகுதியை நீட்ட வேண்டாம். மேடைக்கு அது மிகுதி. பறவை பிடிக்கும் பகுதி சிறுவர்களுக்கு ஏற்றது. வானசாஸ்திரப் பகுதியைப் பள்ளி மாணவர் விரும்புவர்.

குறத்தி வேடத்தில் எச்சரிக்கை தேவை. மேடையில் நாம் இரசிக்கும் பெயர் ஒரு சமூகத்தின் பெயர். 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டபோது, குறவரில் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்யப்பட்டனர். சென்னை மாகாணம் அதை 1947இல் நீக்கியது. குறவர் சமூகத்தை ஆபாசமாகவும் இழிவாகவும் சித்திரித்த ஆட்டங்களை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை அடுத்து, 2023இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்தது. ஆகவே கொச்சைப் பேச்சும் முகச்சாயமும் கொண்டு சிரிப்பூட்டும் குறத்தி நம் மேடைக்கு ஆகாது. நாடகத்தில் மிகுந்த கௌரவத்துடன் நடப்பவள் அவளே என்பதை நடிப்பவர் உணர வேண்டும்.

வேடங்களைப் பங்கிடும் நாளிலேயே நாடகம் தொடங்கிவிடுகிறது. தேவமோகினி வேடம் வழக்கமாக எந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் செல்கிறது, கூடை சுமக்கும் வேடம் எவர் வீட்டுக்குச் செல்கிறது என்பதை இளையோர் நம்மைவிட நன்கு அறிவர். பேசிக்கொள்ளாதவை அந்த ஒத்திகை அறையில் வெளிப்படும். கலியாணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் நாம் இன்றும் விடாமல் வைத்திருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவார்களாயின், மூத்தோராகிய நாம் கோபங்கொள்ளாதிருக்க வேண்டும். வேடங்களை இரண்டாம் நாள் மாற்றிப் பார்க்கச் சொல்வதும் நன்று. மாளிகையில் இருந்து கேட்டவள் மலையில் இருந்து விடை சொல்லட்டும்.

இறுதியாக, குறி சொல்லும் காட்சியில் பல குழுவினர் கையைப் பிடிப்பதுபோல் பாவனை மட்டும் செய்வதைக் கண்டிருக்கிறோம். இந்நாடகத்தில் அது போதாது. பாட்டின் ஒரு சரணம் முடியும் வரையிலாவது கை கையில் இருக்க வேண்டும். சபையார் அனைவரும் காணத்தக்க இடத்தில், மேடையின் முன்பக்கத்தில், வெளிச்சம் விழும்படி.